பெண்ணைச் செவிலியர் பள்ளியிற் சேர்க்குமுன்

சென்ற வைகாசித் திங்களில் காஞ்சிபுரத்தை அடுத்த கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றைப் பார்வையிடச் சென்றிருந்தோம். பட்டு நூல் இருப்பையும் ஜரிகை இருப்பையும் எடைபோட்டுப் பார்த்து, இருப்பேட்டில் கையொப்பமிட்டு எழுந்த வேளையில் அங்கத்தினர் ஒருவர் தயங்கியவாறே உள்ளே வந்தார். முப்பது ஆண்டுகளாகத் தறியில் அமர்பவர். சங்கத்திற்கு ஒருநாளும் பாக்கி வைத்தறியாதவர். அவருக்குப் பின்னே அவர் மகள், கையில் ஒரு காகித உறையுடன் நின்றிருந்தாள்.

"ஐயா, என் பெண் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருக்கிறாள். நர்ஸு படிப்பில் சேர வேண்டும் என்கிறாள். சென்னையில் ஒரு பள்ளியில் இடம் தருகிறார்களாம். திங்கட்கிழமைக்குள் நாற்பதாயிரம் கட்ட வேண்டும். சங்கத்தில் எனக்குள்ள சேமிப்பில் ஒரு பகுதியைக் கொடுத்தால், மீதிக்கு வீட்டுக்காரியின் வளையலைக் கடன் சங்கத்தில் வைத்துக்கொள்வேன்" என்றார் அவர்.

உறையிலிருந்த வண்ணத் துண்டறிக்கையை வாங்கிப் பார்த்தோம். வெள்ளுடை அணிந்த பெண்ணொருத்தி அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். 'ஓராண்டில் நர்ஸு ஆகலாம். வேலை நூற்றுக்கு நூறு உறுதி' என்று பெரிய எழுத்துக்களில் அச்சிட்டிருந்தனர். அந்த வாசகத்தைக் கண்டதும் நமக்கு மற்றொரு சங்கமும் மற்றொரு தகப்பனாரும் நினைவுக்கு வந்தனர்.

நான்கு ஆண்டுகட்கு முன்பு, ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் நிர்வாகப் பொறுப்பைச் சில திங்கள் நாம் ஏற்றிருந்தோம். கடலை பயிரிடும் அங்கத்தினர் ஒருவர் தம் மனைவியின் நகையின் பேரில் கடன் கேட்டு மனுச் செய்தார். மனுவில் 'மகள் கல்விச் செலவு' என்று எழுதியிருந்தார். பயிர்க்கடன் கேட்பவரிடம் சிட்டாவும் அடங்கலும் தவறாது கேட்கும் நாம், அக்கல்வி எத்தகையது என்று ஒரு வார்த்தையும் கேட்டிலோம். நகையின் எடை சரியாக இருந்தது; கையொப்பமிட்டோம். அப்பெண் சேர்ந்த நிலையமும் ஓராண்டு நிலையமே. படிப்பு முடிந்தபின் அங்குக் கொடுத்த சான்றிதழைக் கொண்டு செவிலியர் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய இயலாது என்பது தெரியவந்தது. இன்று அவள் ஒரு சிறு மருத்துவமனையில் உதவியாளாக இருக்கிறாள். செவிலியரின் வேலையில் பாதியைச் செய்கிறாள்; செவிலியர் என்ற பெயரும் ஊதியமும் அவளுக்கு இல்லை. தகப்பனார் கடனை வட்டியுடன் அடைத்து நகையை மீட்டுவிட்டார். சங்கத்தின் கணக்கில் அக்கடன் ஒழுங்காக முடிந்த கடன். நம் மனக்கணக்கில் அது இன்னும் முடியவில்லை.

ஆகவே அந்நெசவாளரிடம், "திங்கட்கிழமை போகட்டும், வெள்ளிக்கிழமை நாம் விடுப்பு எடுத்துக்கொள்கிறோம். மூவரும் சென்னைக்குச் சென்று பார்த்து வருவோம். அதுவரை ஒரு காசும் கட்டாதீர்கள்" என்று கூறினோம். அப்பயணத்தில் கண்டவற்றையும், அதன்பின் விசாரித்து அறிந்தவற்றையும் நம் சங்கங்களின் அங்கத்தினர்கட்குப் பயன்படுமாறு இங்கே எழுதுகின்றோம்.

படிப்பு மூன்று வகை

நர்ஸு படிப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே படிப்பன்று. துணைச் செவிலியர் படிப்பு 2 ஆண்டு; கிராமத் துணைச் சுகாதார நிலையங்களில் தாய்மார்களையும் குழந்தைகளையும் கவனிக்கும் பணிக்கு உரியது. செவிலியர் பட்டயப் படிப்பு 3 ஆண்டு. பி.எஸ்ஸி. நர்ஸிங் என்னும் பட்டப் படிப்பு 4 ஆண்டு. இது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த கல்லூரிகளில் நடைபெறுகின்றது. பட்டப் படிப்பிற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம், இரசாயனம், உயிரியல் ஆகியவற்றைப் படித்திருத்தல் வேண்டும். பட்டயப் படிப்பிற்கு ஏனைய பிரிவினரும் விண்ணப்பிக்கலாம். ஆயினும் அறிவியல் பிரிவினர்க்கே முதலிடம் கிடைக்கும். வயது 17 நிறைந்திருத்தல் வேண்டும்.

இம்மூன்றனுள் எதனை முடித்தவரும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேற்றுச் செவிலியர் கவுன்சிலில் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். ஓராண்டிலும் ஆறு திங்களிலும் 'டிப்ளமா' கொடுப்பவை வேறு. அவை மருத்துவமனை உதவியாள் வேலைக்குச் சிலரை ஆயத்தம் செய்யக்கூடும். அவ்வேலையும் கண்ணியமான வேலையே. ஆனால் அச்சான்றிதழ் பெற்றவர் பதிவு பெற்ற செவிலியர் ஆகார். உதவியாள் படிப்பை உதவியாள் படிப்பு என்று சொல்லி நடத்துவதில் குற்றமில்லை. அதற்குச் செவிலியர் என்று பெயர் சூட்டி ஏழையிடம் பணம் பெறுவதே குற்றம். பருத்திப் புடவையைப் பட்டென்று சொல்லி விற்பதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

பதிவேட்டில் பெயர் உண்டா?

காஞ்சிபுரத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். காலை இரயிலில் புறப்பட்டோம். நேரே மயிலாப்பூர்ச் சாந்தோம் நெடுஞ்சாலையிலுள்ள செவிலியர் கவுன்சில் அலுவலகத்திற்குச் சென்றோம். கடற்கரைக்கு அணித்தான சாலை அது; காற்றில் உப்பு மணந்தது. சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் 1926ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் வழியே அமைந்ததே இக்கவுன்சில். நாடு முழுமைக்கும் பாடத்திட்டத்தையும் தரத்தையும் வகுக்க 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்திய நர்ஸிங் கவுன்சில் ஏற்பட்டது. அச்சட்டத்திற்குப் பதிலாகத் தேசியச் செவிலியர் மற்றும் மகப்பேற்றுச் செவிலியர் ஆணையம் அமைப்பதற்கான புதிய சட்டம் 2023ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தில் நிறைவேறியுள்ளது.

துண்டறிக்கையிற் கண்ட பள்ளியின் பெயர் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியலில் உண்டா என்று பார்த்தோம். இல்லை. பெண் தானே விரலை ஒவ்வொரு வரியாக வைத்து இருமுறை தேடினாள். தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. துண்டறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை கட்டியிருந்தால் மீளாதிருக்கக்கூடிய நாற்பதாயிரம் அந்த மடிப்பிற்குள் இருந்தது.

அங்கீகாரத்தைப் பற்றி நம் அங்கத்தினர்கள் மூன்று செய்திகளை நினைவிற் கொள்ளல் வேண்டும். முதலாவது, அங்கீகாரம் பள்ளிக்கு மட்டுமன்று, படிப்பிற்கும் உரியது. பட்டயப் படிப்பிற்கு அனுமதி பெற்ற நிலையம் வேறொரு படிப்பையும் அதே கூரையின் கீழ் அனுமதியின்றி நடத்தக்கூடும். இரண்டாவது, அங்கீகாரம் எந்த ஆண்டிற்கு உரியது என்று பார்த்தல் வேண்டும். பழைய ஆணையைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருப்பது போதாது. மூன்றாவது, எத்தனை இடங்களுக்கு அனுமதி என்று கேட்டல் வேண்டும். அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேற்பட்டுச் சேர்க்கப்பட்ட மாணவி தேர்வெழுதும் வேளையிலும் பதிவு செய்யும் வேளையிலும் இடர்ப்படுவாள். நம் சங்கங்களில் தறியின்றி அங்கத்தினராகப் பெயர் எழுதப்பட்டவர் கூலி கேட்கும்போது படும் சங்கடம் போன்றது அது.

படுக்கைகளை எண்ணிப் பாருங்கள்

பள்ளியைப் பார்ப்பதற்கு முன் அதன் மருத்துவமனையைப் பார்த்தல் வேண்டும். தறியின்றி நெசவு கற்க இயலுமா? நோயாளரின்றிச் செவிலியம் கற்றலும் அத்தகையதே. செவிலியர் பள்ளிக்குத் தன் சொந்த மருத்துவமனையொன்று 100 படுக்கைகளுடன் இருத்தல் வேண்டும் என்றும், பயிற்சியின்போது ஒரு மாணவிக்கு 3 நோயாளர் வீதம் இருத்தல் வேண்டும் என்றும், ஆசிரியர் ஒருவர்க்கு மாணவியர் 10 பேர் என்ற கணக்கில் ஆசிரியர்கள் இருத்தல் வேண்டும் என்றும் இந்திய நர்ஸிங் கவுன்சில் விதித்துள்ளது.

இவ்விதியை மெய்யெனக் காண்பதற்கு அதிகாரம் எதுவும் வேண்டுவதில்லை. மாலையில் நோயாளரைப் பார்க்க உறவினரை அனுமதிக்கும் வேளையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும். நாம் அன்று நகரின் தென்பாகத்தில் ஒரு தனியார் பள்ளியின் மருத்துவமனைக்குச் சென்றோம். கட்டடம் புதியது, தரை கண்ணாடி போல மின்னியது. படுக்கைகள் வரிசையாக இருந்தன; விரிப்புகளில் சுருக்கமில்லை. சுருக்கமில்லாத விரிப்பே நம்மை எச்சரித்தது. நாம் எண்ணிய ஒரு கூடத்தில் 30 படுக்கைகளுக்கு 6 நோயாளர் இருந்தனர். சில சங்கங்களில் ஏட்டில் மட்டும் ஓடும் தறிகளை நாம் கண்டதுண்டு. ஏட்டில் மட்டும் நிறையும் படுக்கைகளை அன்றுதான் கண்டோம்.

அவ்விடத்தில் நம் கேள்விகளைக் காட்டிலும் சிறந்த கேள்வியை அப்பெண் கேட்டாள். மாடிப்படியில் எதிர்ப்பட்ட மூன்றாம் ஆண்டு மாணவியொருத்தியிடம், "அக்கா, நீங்கள் இதுவரை எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறீர்கள்?" என்று வினவினாள். அம்மாணவி சற்றுநேரம் பேசாதிருந்து, "பதிவேட்டில் எழுதியிருக்கிறோம்" என்றாள். அதற்குமேல் நாம் ஒன்றும் கேட்கவில்லை. செவிலியர் மாணவி ஒவ்வொருத்தியும் தான் கண்ட, தானே செய்த பிரசவங்களைப் பதிவேட்டில் எழுதிவருதல் பாடத்திட்டத்தின் பகுதியாகும். அதனைக் கண்ணாற் காணாது எழுதிவிட்டு வெளிவரும் பெண், நாளை ஒரு கிராமத்தில் நள்ளிரவில் தனியே நிற்கும்போது என் செய்வாள்? போலிக் கணக்கால் சங்கத்திற்கு வரும் நட்டத்தைப் பின்னர் வசூலிக்கலாம். இந்நட்டத்தை எவரிடம் வசூலிப்பது?

பின்னர் வடசென்னையில் நெடுநாளாக நடந்துவரும் ஓர் அறநிலைய மருத்துவமனைக்குச் சென்றோம். கட்டடம் பழையது, சுவரில் காரை பெயர்ந்திருந்தது. ஆனால் கூடங்கள் நிறைந்திருந்தன. மூத்த செவிலியர் ஒருவர், இரண்டு மாணவியரை அருகில் நிறுத்தி, முதியவர் ஒருவர்க்குப் படுக்கைப்புண் வாராதவாறு உடலைத் திருப்பும் முறையைக் காட்டிக்கொண்டிருந்தார். நம் பெண் வாயிற்படியில் நின்று அதனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்குள்ள பட்டயப் படிப்பின் கட்டணம் முன்னைய பள்ளியினும் குறைவு.

தனியார் பள்ளி என்றாலே குறைவுடையது என்று எவரும் எண்ணிவிடலாகாது. நிறைந்த மருத்துவமனையையும் தேர்ந்த ஆசிரியரையும் கொண்ட தனியார் கல்லூரிகளும் சென்னையில் உண்டு. கட்டடத்தின் புதுமையும் பழமையும் தரத்திற்கு அளவுகோல் அல்ல என்பதே நாம் கூறவருவது.

பழம்பெரும் நகரம்

செவிலியப் பயிற்சியில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1664ஆம் ஆண்டில் கோட்டையில் தோன்றிய சிறு மருத்துவமனையே இன்றைய அரசு பொது மருத்துவமனையாக வளர்ந்தது. எழும்பூர்ப் பிரசவ மருத்துவமனை 1844ஆம் ஆண்டில் தோன்றியது. மருத்துவச்சியர்க்கு முறையான பயிற்சி 1854ஆம் ஆண்டிலும், பொது மருத்துவமனையில் செவிலியர்க்குப் பயிற்சி 1871ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. ஆண் மருத்துவரிடம் காட்டத் தயங்கிய பெண்களுக்கெனத் தனி மருத்துவமனை 1885ஆம் ஆண்டில் ஏற்பட்டது. சேப்பாக்கத்தில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று வழங்குவது அதுவே. அதற்கு அருகிலுள்ள திருவல்லிக்கேணியில்தான் 1904ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது என்பதை நம் வாசகர்கள் அறிவர்.

இவ்வரலாற்றை நாம் கூறுவதற்குக் காரணம் உண்டு. நூறாண்டுக்கு மேற்பட்ட இவ்வரசு மருத்துவமனைகளின் கூடங்கள் ஒருநாளும் வெறுமையாக இருப்பதில்லை. கூட்டம் மிகுதி, வேலை கடுமை, வசதி குறைவு. ஆயினும் கற்க விரும்புபவர்க்கு அவற்றினும் சிறந்த பள்ளி இல்லை. அரசு மருத்துவமனைகளைச் சார்ந்த செவிலியர் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு விண்ணப்பங்களைப் பெற்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் இட ஒதுக்கீட்டையும் கொண்டு இடமளிக்கின்றது. இதற்கு இடைத்தரகர் எவரும் இல்லை. இடம் வாங்கித் தருவதாக எவரேனும் கூறினால், அவர் தம் வயிற்றை வளர்க்கவே கூறுகின்றார் என்று அறிக.

கட்டணமும் கடனும்

கட்டணத்தைக் கேட்கும்போது முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்டுத் திரும்புபவரே பலர். படிப்பு முடியும்வரையில் ஆகும் முழுத்தொகையையும் எழுத்தில் பெறுதல் வேண்டும். விடுதி, உணவு, சீருடை, புத்தகம், பயிற்சிக்குச் செல்லும் வண்டி, தேர்வு ஆகியவற்றிற்குத் தனித்தனியே யாது தொகை என்று கேட்டல் வேண்டும். செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் இரசீது பெறுதல் வேண்டும். நம் சங்கத்தில் பத்து ரூபாய் பங்குத் தொகைக்கும் இரசீது கேட்கும் அங்கத்தினர், பள்ளியின் வாயிலில் நின்றவுடன் பேச்சடைத்துப் போவதேன்? கற்றவர் முன் கேட்கக் கூசுகின்றோம். கேட்பது நம் உரிமை.

மூலச் சான்றிதழ்களைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். சேர்க்கையின்போது சரிபார்த்தபின் அவற்றைத் திரும்பப் பெறுதல் நன்று. கட்டணப் பாக்கிக்கு ஈடாகச் சான்றிதழைக் கல்வி நிலையங்கள் நிறுத்திவைத்தல் ஆகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் பன்முறை கூறியுள்ளது. ஆயினும் நீதிமன்றம் வரையில் செல்லும் நிலையை நெசவாளர் எவரும் விரும்பார். ஒவ்வொரு சான்றிதழுக்கும் நகல்கள் எடுத்து வீட்டில் வைத்திருத்தல் வேண்டும்.

கடன் வாங்கியே தீரவேண்டும் என்றால், நகையையும் நிலத்தையும் தொடுமுன் கல்விக்கடனைப் பற்றி விசாரித்தல் வேண்டும். வங்கிகளின் கல்விக்கடன் திட்டத்தில் 4,00,000 ரூபாய் வரையில் ஈடு கேட்கப்படுவதில்லை. படிப்பு முடியும்வரையில் தவணை செலுத்த வேண்டுவதும் இல்லை. மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் கல்விக்கடன் வழங்குகின்றன. இதில் மற்றொரு நன்மையும் உண்டு. அங்கீகாரமில்லாத படிப்பிற்கு வங்கி கடன் கொடாது. வங்கி மறுத்தால் வருந்தவேண்டாம். ஏன் மறுத்தது என்று கேளுங்கள். நம் கண்ணுக்குப் புலப்படாத குறை அங்கே புலப்படக்கூடும்.

அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரையில் படித்த பெண்கள் மேற்படிப்பிற் சேர்ந்தால் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவு உயர்கல்வி உறுதித் திட்டம் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியிற் படித்த பெண்களுக்கும் பின்னர் அது விரிவாக்கப்பட்டது. பட்டயப் படிப்பிற்கும் இவ்வுதவி உண்டு. விடுதிச் செலவில் ஒரு பகுதியை இது தாங்கும்.

கடலோர நகரில் விடுதி

ஊரிலிருந்து பெண்ணை அனுப்பும் தாயார் முதலிற் கேட்பது விடுதியைப் பற்றியே. அதனைப் பெண்மக்களின் அச்சம் என்று தள்ளிவிடலாகாது. செவிலியர் மாணவிக்கு இரவுப் பணியும் உண்டு. விடுதி மருத்துவமனையின் மதிலுக்குள் இருக்கின்றதா, வெளியில் இருப்பின் இரவில் அழைத்துச் செல்பவர் யார், பயிற்சிக்காக வேறு மருத்துவமனைகளுக்கு எவ்வளவு தொலைவு செல்லவேண்டும் என்பனவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

சென்னைக்கே உரிய இரண்டு கேள்விகளும் உண்டு. ஒன்று, கோடையில் தண்ணீர் எங்கிருந்து வருகின்றது? கடலோரத்துக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பு. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றி நகரமே குடத்துடன் நின்றது. மற்றொன்று, மழைக்காலத்தில் விடுதியின் கீழ்த்தளம் என்னாகின்றது? 2015ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2023ஆம் ஆண்டு டிசம்பரிலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை யாவரும் அறிவர். இவற்றிற்கு விடை அலுவலக அறையில் கிடைக்காது. சமையற்கூடத்தில் வேலை செய்யும் அம்மாவைக் கேட்டால் உள்ளது உள்ளபடி தெரியும்.

படித்தபின் யாது?

'வேலை உறுதி' என்று எழுதித்தரும் பள்ளியிடம், சென்ற ஆண்டு தேறியவர்கள் இப்பொழுது எங்கே பணிபுரிகின்றனர் என்று கேட்டுப் பாருங்கள். தேறியவருள் எத்தனை பேர் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டனர் என்றும் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய செவிலியரை 2012ஆம் ஆண்டில் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கின்றது. பட்டயம் பெற்றவரும் பட்டம் பெற்றவரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆயினும் அரசுப் பணி கைமேல் கனி அன்று. வாரியத்தின் வழியே ஒப்பந்த முறையில், தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட செவிலியர்கள், தங்களை நிலைப்படுத்தக் கோரி 2017ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையில் கூடிப் போராடியதை மறத்தலாகாது. தனியார் மருத்துவமனைகளில் தொடக்க ஊதியம் பெரும்பாலும் குறைவு. பெண்ணிடமும் தகப்பனாரிடமும் இதனை மறைக்காமற் கூறுதல் நம் கடமை.

அயல்நாடு செல்ல விழைபவர், 1978ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அணுகலாம். அங்கேயும் முதலிற் கேட்பது பதிவுச் சான்றிதழையே. எந்த வழியில் சென்றாலும் சாந்தோம் சாலைப் பதிவேட்டிற்கே வந்து சேரவேண்டியிருக்கின்றது.

மூன்று ஆண்டா, நான்கு ஆண்டா?

அன்று மாலை கடற்கரையில் அமர்ந்து மூவரும் பேசினோம். பெண்ணுக்குப் பட்டப் படிப்பின்மேல் விருப்பம். ஆனால் அவளுடைய மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் பட்டப் படிப்பு இடம் கிடைப்பது ஐயம். தனியார் கல்லூரியில் நான்கு ஆண்டும் படிக்கவைக்க இரண்டு தறிகளின் வருவாய் போதாது. அவளுக்குப் பின்னே பத்தாம் வகுப்பில் ஒரு தம்பியும் இருக்கின்றான். தகப்பனார், "நிலத்தை விற்றாவது..." என்று தொடங்கினார். பெண் இடைமறித்து, "அப்பா, நிலம் வேண்டாம். மூன்று வருஷப் படிப்புக்கே போகிறேன். அப்புறம் நானே சம்பாதித்து மேலே படித்துக்கொள்கிறேன்" என்றாள்.

அவள் கூறியது வெறும் ஆறுதல் மொழியன்று. பட்டயப் படிப்பு முடித்துப் பதிவு பெற்றவர், 2 ஆண்டில் முடியும் மேற்படிப்பொன்றின் வழியே பி.எஸ்ஸி. பட்டம் பெறலாம். காலம் ஓராண்டு மிகும். இடையில் சம்பாதிக்கவும் கூடும். நான்காண்டுப் பட்டமே நேர்வழி என்பதில் ஐயமில்லை. இடமும் பொருளும் கிடைப்பவர் அதனையே கொள்க. கிடைக்காதவர்க்கு நல்ல மருத்துவமனையில் பெறும் பட்டயம், வெறுமையான மருத்துவமனையில் பெறும் பட்டத்தினும் மேலானது என்பது நம் கருத்து.

அப்பெண் தேர்வுக்குழுவிற்குப் பட்டயத்திற்கும் பட்டத்திற்கும் ஆகத் தனித்தனியே விண்ணப்பித்தாள். நாம் பார்த்த அறநிலைய மருத்துவமனைக்கும் ஒரு விண்ணப்பம் அனுப்பினாள். காத்திருந்த திங்கள்களில் அண்டை வீட்டார், "அந்த ஓராண்டுப் பள்ளியிலாவது சேர்த்திருக்கலாமே" என்று சொல்லத் தவறவில்லை. ஒருநாள் தகப்பனாரும் நமக்குத் தொலைபேசியில், "ஐயா, காலம் போகிறதே" என்றார். நமக்கும் உள்ளூரக் கலக்கமே. இருந்தும், "பொறுங்கள்" என்று மட்டும் கூறினோம். ஐப்பசித் திங்களில் அரசு மருத்துவமனையொன்றைச் சார்ந்த செவிலியர் பள்ளியில் பட்டயப் படிப்பிற்கு இடம் கிடைத்தது. வளையல் கடன் சங்கத்திற்குப் போகவில்லை. சங்கத்துச் சேமிப்பிலிருந்து சிறு தொகையே எடுக்கப்பட்டது.

சங்கங்கள் செய்யத்தக்கது

ஒவ்வொரு சங்கத்தின் காரியதரிசியும் வைகாசித் திங்களில் ஒரு காரியம் செய்யலாம். அங்கீகாரம் பெற்ற செவிலியர் பள்ளிகளின் பட்டியலைக் கவுன்சிலிலிருந்து பெற்று, நூல் விலைப்பட்டியல் ஒட்டும் பலகையில் அதனையும் ஒட்டலாம். மகள் கல்விக்கென்று பணம் கேட்டு வரும் அங்கத்தினரிடம், பள்ளியின் பெயர் யாது, படிப்பு எத்தனை ஆண்டு, மருத்துவமனையில் படுக்கை எத்தனை என்ற மூன்று கேள்விகளைக் கேட்கலாம். செவிலியராக முன்னரே பணிபுரியும் நம் அங்கத்தினர் குடும்பத்துப் பெண்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து, படிக்க விரும்பும் பெண்களுடன் பேசச் செய்யலாம். இவற்றிற்குப் பொதுக்குழுவின் தீர்மானமும் வேண்டா, செலவும் இல்லை.

கடலை பயிரிடும் அந்த அங்கத்தினரையும் அண்மையிற் கண்டு பேசினோம். அவருடைய மகளுக்கு இப்பொழுது 22 வயது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவள். பட்டயப் படிப்பிற்குத் தகுதியும் வயதும் இன்னும் உண்டு. கேட்கவேண்டிய கேள்விகளை இம்முறை கேட்டபின், அவளுடைய விண்ணப்பத்தை நிரப்ப நாம் உடனிருப்பதாகக் கூறி வந்துள்ளோம்.